இருபது கல்

ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்துகொள்கிறேன், தப்பாக நினைக்காதே. பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும். இந்தப் பையை உன் மடியில் வைத்துக்கொள். கொஞ்சம் கனக்கும். உன் பெயர் என்ன சொன்னாய்? சரி, இருக்கட்டும். போகப்போகப் பழகிவிடும்.

இதுதான் உனக்கு முதல் ஊரா? பயப்படாதே. பயிற்சியில் ஐந்து நாள் என்னென்னவோ சொல்லியிருப்பார்கள். எல்லாவற்றையும் மறந்துவிடு. ஒன்றை மட்டும் வைத்துக்கொள். வாயைத் திறக்காதே. கோலமாவை அவர்கள் கையில் கொடு, குச்சியை அவர்கள் கையில் கொடு, ஒதுங்கி நில். கடல் ஏறுகிறது, மழை தப்புகிறது, புயல் வருகிறது, இதற்கெல்லாம் என்ன செய்யலாம் என்று ஊர்க்காரர்களே யோசித்து அவர்களே திட்டம் போட வேண்டும். நாம் போட்டால் அது நம் திட்டம். பதினோரு வருஷமாக நான் ஒரு ஊரிலும் வாயைத் திறந்ததில்லை. வத்சலா மாதிரி ஒதுங்கி நிற்க யாராலும் முடியாது என்று தலைமை அலுவலகத்திலேயே சொல்வார்கள். சொன்னார்கள். இப்போது சொல்வதில்லை.

அதைத்தான் சொல்ல வந்தேன். நீ வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்பாய். தெற்கு ஓடைக்கரையில் வத்சலா ஒரு பெண்ணின் குடியைக் கெடுத்தாள் என்று. கேள்விப்பட்டிருக்கிறாய், முகத்திலேயே தெரிகிறது. நடந்ததைச் சொல்கிறேன். நீயே முடிவு பண்ணு.

தெற்கு ஓடைக்கரை மீன்பிடிக்கிற ஊர். நாற்பத்து மூன்று வீடு. கிழக்கே கடல். வடக்கே ஒரு வடிகால் வந்து கடலில் விழுகிறது. அந்த வடிகாலை ஒட்டிப் பதினோரு வீடு, வடக்கு வரிசை என்பார்கள். தெற்கே மணல்மேடு. மேட்டின் மேல் ஒரே ஒரு வீடு. அது அஞ்சலாட்சியின் வீடு.

நான் போவதற்கு மூன்று வருஷம் முன்னால் அங்கே ஒரு புயல் அடித்திருந்தது. அந்தப் புயலில் அவள் புருஷன் கலியமூர்த்தி கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கூடப் போன இரண்டு பேரின் உடம்பு கிடைத்தது. இவனுடையது கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காததால் அவன் சாகவில்லை என்று இவள் சொல்லிவிட்டாள். மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை, கருமாதி செய்ய விடவில்லை. மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள், வருவாள். வாரத்துக்கு ஒருமுறை அவனுடைய கைலியைத் துவைத்து வாசலில் கொடியில் போடுவாள். யாரும் உடுத்தாத கைலியை எதற்குத் துவைப்பது? நானே கேட்டிருக்கிறேன். "உப்புக் காத்துல கெடந்தா மக்கிப் போவும் மேடம். வந்தா கட்டிக்க வேணாமா?" என்றாள். பிள்ளை குட்டி இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு பிடி வேண்டியிருக்கிறது.

ஊர் நாட்டார் தேசிங்கு. நாட்டார் என்றால் அங்கே ஊர்த்தலைவர். அவர் கலியமூர்த்தியின் கூடப்பிறந்த அண்ணன். தங்கமான மனுஷன். நான் போன அன்றைக்கே பெஞ்சு போட்டார், டீ வரவழைத்தார், "எங்க ஊருக்குப் படிச்சவங்க வந்து எங்ககிட்டயே கேக்குறது இதான் மேடம் மொத தடவ" என்றார். பின்னாலிருந்து ஒருத்தன், "நமக்குப் பயிற்சி குடுக்குறாங்க சரி, கடலுக்கு யாரு நாட்டாரே பயிற்சி குடுக்குறது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மக்களோடு சிரிக்க வேண்டும், அதுவும் பயிற்சியில் இருக்கிறது.

முதல் நாள் ஊரைச் சுற்றி நடந்தோம். வடக்கு வரிசையில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் என் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை இருந்தது. ஒரு வீட்டில் சாமிபடத்தை அதற்கு மேலே தூக்கி மாட்டியிருந்தார்கள். மணல்மேட்டில் அஞ்சலாட்சி வீட்டுச் சுவரில் ஒரு கறையும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்தேன். குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள்தான் வரைபடம். பள்ளிக்கூடத்து வாசலைப் பெருக்கிச் சாணம் தெளித்து, கோலமாவால் ஊரை வரைய வேண்டும். நீயே பார்க்கப்போகிறாய், அழகாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து இந்தத் திட்டத்துக்கு உதவி செய்கிறவர்கள் இரண்டு பேர் அன்றைக்குக் காரில் வந்திருந்தார்கள். பெண்கள் குனிந்து தெருவைப் போட்டார்கள், கோயிலைப் போட்டார்கள், அவரவர் வீட்டை அவரவர் போட்டார்கள். அஞ்சலாட்சி மீன் விற்றுவிட்டுத் தாமதமாக வந்தாள். கூடையை ஓரமாக வைத்துவிட்டு, மேட்டில் தன் வீட்டைப் போட்டாள். மற்றவர்கள் ஒரு கட்டம் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். இவள் கதவு வைத்தாள், வாசல் வைத்தாள், வாசலில் இரண்டு புள்ளி வைத்து நடுவில் ஒரு கோடு இழுத்தாள். "இது என்ன?" என்றேன். "துணி காயப்போடுற கொடி" என்றாள். இருந்ததிலேயே அந்த வீடுதான் நன்றாக வந்திருந்தது. வந்தவர்கள் அதைத்தான் முதலில் படம் எடுத்தார்கள்.

அப்புறம் கல். எந்த வீடு முதலில் பாதிக்கப்படும் என்று அவர்களே குறிக்க வேண்டும். இருபது பேருக்கு ஆளுக்கொரு கல் கொடுப்பது என் வழக்கம். கையேட்டில் புளியங்கொட்டை அல்லது கல் என்று போட்டிருக்கும். கொட்டை படத்தில் சரியாக விழாது. கல்தான் எடுப்பாக இருக்கும். ஆற்றில் பொறுக்கிய கல், கறுப்பாக, ஒரே அளவாக, கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. பொறுக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

"எந்த வீடு முதல்ல போகும்னு நினைக்கிறீங்களோ அந்த வீட்டுமேல உங்க கையில உள்ள கல்ல வைங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஒருவரும் வைக்கவில்லை.

கல்லை நெருப்பைப் பிடித்திருப்பது மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார்கள். வடக்கு வரிசையிலிருந்து மாரிக்கண்ணு என்று ஒரு அம்மாள் வந்திருந்தார்கள், அறுபது வயது இருக்கும், நன்றாகப் பேசுகிறவர்கள். அவர்கள் கல்லைக் கீழே போடவும் இல்லை, வைக்கவும் இல்லை, முந்தானையில் மறைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் எழுந்து போயே போய்விட்டார். போகும்போது கல்லை இன்னொருத்தனிடம் கொடுக்கப் போனார், அவன் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வந்தவர்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நீ அந்த நிலைமையை நினைத்துப் பார்.

தேசிங்குதான் கேட்டார். "வெச்சே ஆவணுமா மேடம்?"

"நீங்க வைக்கிறதுதான் திட்டம். நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"சும்மாவாவது வைக்கணுமா?"

"உங்க விருப்பம் நாட்டாரே."

அவர் செருப்பைக் கழற்றினார். வரைபடத்துக்குள் மெதுவாக நடந்துபோய், மேட்டில், அஞ்சலாட்சி வீட்டு வாசலில் அந்தக் கல்லை நட்டுக்குத்தலாக வைத்தார். வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாவு பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் மடமடவென்று நடந்தது. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்து எல்லோரும் அங்கேயே வைத்தார்கள். மாரிக்கண்ணுவும் வைத்தார்கள். எழுந்து போன கிழவர்கூடத் திரும்பி வந்து வைத்தார். இருபது கல்லும் ஒரே வீட்டில். பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை. மற்ற ஊர்களில் என் வீடு, உன் வீடு என்று அடித்துக்கொள்வார்கள். இங்கே ஒருவரும் தனக்கென்று கேட்கவில்லை. காரில் வந்தவர்களில் ஒரு அம்மா கைதட்டினார். பார்த்துவிட்டுப் பின்னாலிருந்த பிள்ளைகளும் கைதட்டின.

அஞ்சலாட்சி மட்டும் அசையாமல் நின்றாள். "அது என் வூடு" என்றாள். "மூத்தாரே, அது என் வூடு" என்றாள் தேசிங்கைப் பார்த்து. அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் வரைபடத்துக்குள் போய் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து மீன் கூடையில் போட்டாள். கோலமாவையும் கையால் அழித்தாள். நல்லவேளை, அதற்குள் படம் எடுத்தாகிவிட்டது. கல்லைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இருபதும் போனது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு டீ குடிக்கும்போது மாரிக்கண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"மேடம், ஒங்க ஊர்ல செத்தவங்களுக்குக் கல்லு ஊண மாட்டீங்களா?"

எனக்குத் தெரியாது. நான் ஆஸ்டலில் வளர்ந்தவள். சாவுக்கெல்லாம் எங்களை அனுப்ப மாட்டார்கள். அந்த அம்மாள்தான் சொன்னார்கள். ஒருத்தர் செத்தால் வீட்டில் ஒரு கல்லை ஊன்றி வைப்பார்களாம். தினமும் அதற்குத் தண்ணீர் விடுவார்களாம். பதினாறாம் நாள் கருமாதி முடித்து அந்தக் கல்லை எடுத்துப்போய்க் கடலில் போட்டுவிடுவார்களாம். அத்தோடு செத்தவர் போய்விட்டார் என்று கணக்கு.

"உசுரோட இருக்குற வூட்டு மேல கல்ல வைன்னா எவ மேடம் வைப்பா? கலியமூர்த்திக்குத்தான் இன்னும் ஊணல. மூணு வருசமா அவ ஊண வுடல. அதான் எல்லாரும் அங்க வெச்சுட்டோம். தேசிங்கு மவளுக்கு ரெண்டு தடவ சம்மந்தம் வந்து திரும்பிப் போயிட்டு. கருமாதி ஆவாத குடும்பத்துல எப்புடி பந்தக்கால் நடுறது? அந்தாளும் என்னதான் பண்ணுவாரு."

"அப்ப உண்மையில எந்த வீடு முதல்ல போகும்?"

"இது ஒரு கேள்வியா? எங்க வரிசதான். தண்ணி வந்தா மொதல்ல என் அடுப்புலதான் வந்து ஒக்காரும்."

நீ என்ன கேட்கப்போகிறாய் என்று தெரிகிறது. அன்றைக்கே தெரிந்துவிட்டதே, மறுபடியும் செய்திருக்கலாமே என்று. எப்படிச் செய்வது? வரைபடத்துக்கு ஒரு ஊருக்கு ஒரு நாள்தான். காரில் வந்தவர்கள் போய்விட்டார்கள். படம் போய்விட்டது. அதுவுமில்லாமல், மாரிக்கண்ணு சொன்னது ஒரு ஆள் சொன்னது. கல் வைத்தது இருபது பேர். ஒரு ஆள் பேச்சைக் கேட்டு இருபது பேர் முடிவை நான் மாற்றினால் அப்புறம் அது மக்கள் திட்டமா, வத்சலா திட்டமா? "சமூகம் ஒருமனதாக, மிகவும் நலிந்த ஒரு குடும்பத்தை முன்னிறுத்தியது" என்று எழுதினேன். அந்த வருஷ அறிக்கையின் அட்டையில் அந்தப் படத்தைத்தான் போட்டார்கள். ஒரு வெள்ளை வீடு, அதன்மேல் இருபது கறுப்புக் கல். உனக்கும் ஒரு பிரதி கொடுத்திருப்பார்களே.

ஒரு வீட்டைக் குறித்தால் அந்த வீட்டுக்கு என்ன செய்வது என்று அடுத்த கட்டம். ஊர்க்கூட்டத்தில் அவர்களே முடிவு செய்தார்கள். அஞ்சலாட்சியை உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளி, ரோட்டோரம் நாங்கள் கட்டுகிற புது வீட்டுக்கு மாற்றுவது. மேட்டில் காலியாகிற இடத்தில் வலை உலர்த்தும் கொட்டகை போடுவது. வடக்கு வரிசைக்கு? ஒன்றுமில்லை. அதில்தான் கல்லே இல்லையே.

அஞ்சலாட்சி முடியாது என்றாள். நான் மூன்று தடவை அந்த மேட்டுக்கு ஏறியிருக்கிறேன். வைகாசி வெயில், மணலில் கால் வெந்துவிடும். யாருக்காகப் போனேன்? அவளுக்காகத்தான்.

"அங்க டைல்ஸ் போட்ட வீடு அஞ்சலாட்சி. குழாய்ல தண்ணி. பஸ் வாசல்லயே நிக்கும்."

"நல்லாத்தான் இருக்கும் மேடம். மாரிக்கண்ணுக்குக் குடுங்க."

"ஊர் உங்களைத்தான் சொல்லியிருக்கு."

"அவரு வந்தா கடல்லேருந்து பாத்ததும் இந்த வூடுதான் தெரியும். மேட்டுல இருக்குல்ல. ரோட்டோரத்துல கொண்டுபோய் வெச்சீங்கன்னா எங்கன்னு தேடுவாரு?"

வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கொடியில் கைலி ஆடிக்கொண்டிருந்தது.

புது வீட்டை அவளுக்கு ஒதுக்க இன்னொரு சிக்கலும் இருந்தது. வீடு கைம்பெண்களுக்குத்தான் என்று விதி. நான் போட்ட விதி இல்லை. ஆகவே புருஷன் இறந்துவிட்டான் என்று அவளே உறுதி சொல்லி ஒரு படிவத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். மூன்றாவது தடவை போனபோது அதை எடுத்துப் போனேன். இதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், நான் பொய் சொன்னேன் என்று. நான் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அவள் கேட்டாள்: "இதுல அவரு பேரு இருக்கா மேடம்?"

"இருக்கு" என்றேன். இருந்தது.

"எங்க, காட்டுங்க."

காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ரேஷன் கார்டில் அவன் பேரை எடுத்துவிடுவார்களோ என்று ஒரு பயம் அவளுக்கு எப்போதும் உண்டு, அதனால் அவன் பேர் ஒரு காகிதத்தில் இருக்கிறது என்றாலே அவளுக்கு நிம்மதி. கட்டை விரலை நானேதான் மையில் தோய்த்து வைத்தேன். அவன் பேருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆனியில் திட்டத்தை ஊர் முன்னால் வாசித்தோம். எல்லாவற்றையும் மக்கள் முன்னால் வாசிக்க வேண்டும், ஒன்றையும் மறைக்கக் கூடாது. இதில் நான் கறார். பெரிய அதிகாரி ஒருத்தர் வந்திருந்தார். பந்தல், நாற்காலி, சர்பத். நான்தான் வாசித்தேன். "பயனாளி அஞ்சலாட்சி, கணவர் கலியமூர்த்தி, கடலில் இறந்துவிட்டார் என்று பயனாளியே உறுதியளித்துள்ளார்."

சர்பத் கொண்டுவந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

தேசிங்கு எழுந்தார். "இன்னொரு தடவ படிங்க மேடம்."

படித்தேன்.

"அவளே சொல்லியிருக்காளா?"

"கைநாட்டு இருக்கு நாட்டாரே."

அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தம்பி செத்து மூன்று வருஷம் கழித்து, அன்றைக்குத்தான் அழுதார். பெண்கள் எழுந்து நின்று மாரில் அடித்துக்கொண்டார்கள். அதிகாரி பயந்துவிட்டார். "என்னம்மா, கலவரமா?" என்றார் என்னிடம். "இல்லை சார், மக்கள் பங்கேற்பு" என்றேன். இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சலாட்சி கடைசி வரிசையில் இருந்தாள். "நான் சொல்லல" என்றாள். யார் காதிலும் விழவில்லை. "நான் சொல்லல, நான் சொல்லல" என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் வரப் பார்த்தாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் நிஜமாகவே அழுதார்கள், அதை நான் சொல்லியாக வேண்டும்.

பதினைந்து நாளில் சடங்கைத் தொடங்கினார்கள். மேட்டு வீட்டில் கல் ஊன்றினார்கள். நான் அன்றைக்குப் புது வீட்டுச் சாவி விஷயமாகப் போயிருந்தேன், வேண்டுமென்று போகவில்லை. காலை ஒன்பது மணி இருக்கும். நாலு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்திருந்தார்கள். வளையலை உடைத்தார்கள். மாரிக்கண்ணுதான் தாலியை இறக்கினார்கள், தலையை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. அவள் திமிறவில்லை. என்னைப் பார்த்துவிட்டாள்.

"மேடம், நீங்க சொல்லுங்க. அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ இதைக் கவனிக்க வேண்டும், இதுதான் நம் வேலையிலேயே கஷ்டமான இடம். ஒரு வார்த்தை சொல்லலாம் என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் அது அவர்கள் பழக்கம், அவர்கள் சடங்கு. அதில் நாம் தலையிடக் கூடாது. பயிற்சியில் முதல் நாளே சொல்லியிருப்பார்களே. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவ்வளவு கஷ்டப்பட்டு ஒதுங்கி நின்றேன்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் வீட்டைப் பிரித்தார்கள். அவள் ரோட்டோர வீட்டுக்குப் போனாள். ஆவணியில் தேசிங்கு மகள் கல்யாணம். என்னை மேடையில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். வடக்கு வரிசை மொத்தமும் பந்தியில் இருந்தது. மாரிக்கண்ணு என் இலையில் இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னார்கள்.

கார்த்திகையில் தண்ணீர் வந்தது. கடல் ஏறி வடிகாலைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாக வந்தது. வடக்கு வரிசை பதினோரு வீடும் போனது. மாரிக்கண்ணு போய்விட்டார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தார்களாம். மணல்மேட்டுக்குத் தண்ணீர் ஏறவே இல்லை. வலைக்கொட்டகையில் ஒரு ஓடுகூட நகரவில்லை. அவள் கொடி கட்டியிருந்த இரண்டு கம்பும் அப்படியே நின்றன. ஊரே அங்கேதான் ஏறி நின்று தப்பித்தது.

இதற்கு விசாரணை. யாரை? என்னை. தலைமை அலுவலகத்தில் நாலு பேர் உட்கார்ந்துகொண்டு, சுவரில் கறை இருந்ததைக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்களே, ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். வாயைத் திறக்காதே என்று பதினோரு வருஷம் சொன்னவர்கள், ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறார்கள். எப்படி இருக்கிறது? திட்டம் போட்டது மக்கள். கல் வைத்தது மக்கள். நடுவில் நின்ற நான் குற்றவாளி. அதற்குத்தான் இந்த மாற்றல். அதற்குத்தான் இந்த வயதில் இந்த பஸ்.

கிளம்புவதற்கு முன்னால் அஞ்சலாட்சி அலுவலகத்துக்கு வந்தாள். நான் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். வெறும் கழுத்து, வெறும் நெற்றி, ஆனால் நன்றாகத்தான் இருந்தாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள் என்றுகூடச் சொல்வேன். நிழலில் இருக்கிறாள் இல்லையா. "வீடு எப்படி இருக்கு?" என்றேன். இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்தாள். என் கல்.

"இருபதும் இருக்கா?" என்று கேட்டேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைக்கிறாய்.

"பத்தொன்பதக் கடல்ல போட்டுட்டேன்" என்றாள். "ஊர்ல ஆளுக்கொண்ணா வெச்சாங்க. ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டேன். இது ஒண்ணு மிச்சம். இத எங்க வைக்கணும்னு தெரியல. நீங்க சொல்லுங்க மேடம்."

பார், அப்போதும் என்னைத்தான் கேட்கிறாள். வேலை போகிற நிலைமையில் இருக்கிறேன், விசாரணை நடக்கிறது, அப்போதும் நான் பதறவில்லை.

"நாங்க சொல்லக் கூடாது அஞ்சலாட்சி" என்றேன். "நீங்கதான் முடிவு பண்ணணும்."

தலையாட்டினாள். ரொம்பப் புரிந்துகொண்டவள் மாதிரி தலையாட்டினாள். மேஜைமேல், எனக்கு நேர் எதிரே, கல்லை நட்டுக்குத்தலாக வைத்தாள். சாயாமல் நிற்கிறதா என்று பார்த்தாள். நான் குடிப்பதற்கு வைத்திருந்த தம்ளரை எடுத்து அதன் தலையில் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள், கடைசிச் சொட்டு வரைக்கும். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கோப்பெல்லாம் நனைந்துபோய்விட்டது. இரண்டு ஊர்த் திட்டம் மையே அழிந்துவிட்டது. அதற்கும் நான்தான் பதில் சொன்னேன்.

அவள் வந்துபோய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்குமா? பதினைந்து இருக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு... ஆமாம், இன்றோடு பதினாறு.

நான் அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நல்ல கல், தூக்கிப் போட மனசு வரவில்லை. உன் மடியில் இருக்கிற பையில்தான் இருக்கிறது. அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும். ஊருக்குள் போவதற்கு முன்னால் ஒரு ஓடை வரும், அங்கே கல் கிடக்கும் என்றார்கள். நான் நிழலில் நிற்கிறேன். நீ இறங்கிப் பத்தொன்பது பொறுக்கிக்கொண்டு வா. கறுப்பாக இருக்கட்டும். இந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொள், அதே அளவாகப் பார்த்துப் பொறுக்கு.